செம்பு குறைந்த மண்

குனிந்தவர்கள்தான் முதலில் சிரித்தார்கள்.

ஓடத்தூரில் வாய்க்காலை ஒட்டி இயலுக்கு மூன்று ஏக்கர் நெல் வயல். இயலுக்கு வயது இருபத்தேழு. அந்த ஊரில் பயிரிடுகிறவர்களில் வயதில் சின்னவள், குரலில் பெரியவள். 2048ஆம் வருஷத்திலும் களை பிடுங்க ஆள்தான் வேண்டியிருந்தது. அதற்கென்று வந்த இயந்திரம் களையையும் பயிரையும் பாரபட்சமில்லாமல் பிடுங்கிப் போட்டுவிட்டு, "பணி இனிதே நிறைவுற்றது" என்று அறிவித்தது. அன்றிலிருந்து அதைக் கோழி அடைக்க வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்த மூன்றாம் தேதி காலை ஆறு பெண்கள் வயலில் இறங்கியிருந்தார்கள்.

ஒன்பது மணிவாக்கில் ஒருத்தி தன் நாத்தனாரைப் பற்றி ஏதோ சொன்னாள். அடுத்தவள் சிரித்தாள். அதற்கடுத்தவள் எதற்கென்று கேட்காமலே சிரித்தாள். ஐந்து நிமிஷத்தில் ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். வரப்பில் நிமிர்ந்து நின்ற இயலின் அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவர் பெயர் சுரேஷ்பாபு, வயது அறுபத்தொன்று. அந்தத் தலைமுறைப் பெரியவர்களுக்கெல்லாம் சுரேஷ், ரமேஷ், விக்னேஷ் என்றுதான் பெயர். "என்ன இளிப்பு வேண்டிக் கெடக்கு?" என்று அதட்டிக்கொண்டே அவர் வயலில் இறங்கிக் குனிந்தார். நிமிரும்போது கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் மோட்டார் கொட்டகையில் இருந்தேன். என் பெயர் ரித்திகா. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைப் படித்தவள். ஆய்வகத்தின் சார்பில் ஆறு மாதமாக அந்த வயலில்தான் வாசம். சத்தம் கேட்டு வெளியே வந்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது, வேடிக்கையாக இருந்ததால். அப்புறம் செல்வி என்கிற பெண் சிரித்தபடியே தண்ணீரில் முகங்குப்புற விழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளைத் தூக்கவில்லை. சுட்டிக்காட்டிச் சிரித்தாள். என் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. ஓடிப்போய் இழுத்துக் கரையில் போட்டேன். செல்வி இருமினாள், சேற்றைத் துப்பினாள், "இன்னொரு தடவ விழட்டுமா மேடம்?" என்றாள்.

எல்லாரையும் வரப்பேற்றிய பத்தாவது நிமிஷம் சிரிப்பு அடங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாத்தனார் விஷயத்தை வெளியே சொல்லிவிட்டவள் மட்டும் அழ ஆரம்பித்தாள்.

"அக்கா, இது உங்க பூச்சி வேலையா?" என்றாள் இயல்.

என் பூச்சி வேலைதான். ஆய்வகத்தில் அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. ஊரில் 'மேடம் பூச்சி'. யூரியா போட்டால் பயிர் சாப்பிடுவது பாதிகூட இல்லை. மிச்சம் உப்பாக மாறிக் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போகிறது. அந்த மிச்சத்தைத் தின்றுவிட்டு, ஏற்கெனவே காற்றில் இருக்கிற சாதுவான நைட்ரஜனாகத் திருப்பி விடும் பாக்டீரியாவை மூன்று வருஷம் பாடுபட்டு வளர்த்திருந்தோம்.

"நாலு படி இருக்குன்னு சொன்னேன்ல? மூணு படி ஒழுங்கா ஏறுது. நாலாவதுல நின்னுடுச்சு போல."

"மூணாவது படியில என்ன இருக்கு?"

"நைட்ரஸ் ஆக்ஸைடு. பல்லு புடுங்கறப்ப வலி தெரியாம இருக்கக் குடுப்பாங்க. சிரிப்பு வாயு. காத்தை விடக் கனம். அதான் முழங்காலுக்குக் கீழயே தங்குது."

"நிமிந்து நிக்கிற மொதலாளிக்கு ஒண்ணுமில்ல, குனிஞ்சு வேலை செய்யறவளுக்குத்தான் கிறுக்கு" என்றாள் செல்வி தலையைத் துவட்டிக்கொண்டே. அறிவியலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

"இது நம்மள மட்டுமில்ல, பூமியவே சூடாக்கும். கரியமில வாயுவோட ஏறக்குறைய முன்னூறு மடங்கு" என்றேன்.

"நாலாவது படிக்கு என்ன வேணும்?"

"செம்பு. ஒரு துளி போதும். ஆனா உங்க மண்ணுல செம்பு நெறைய இருக்குன்னு சொல்லித்தான் இந்த வயலையே தேர்ந்தெடுத்தோம்."

சுரேஷ்பாபுவுக்குத் திடீரென்று மோட்டார் பெல்ட்டைப் பார்க்க வேண்டிய அவசரம் வந்துவிட்டது. போய்விட்டார்.

அன்றைக்கே நான் பத்து இடங்களில் ஆங்கில 'வி' வடிவத்தில் குழி எடுத்து, மண்ணைச் சுரண்டி, கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மிஞ்சியதைச் சோதித்தேன். செம்பு இருக்க வேண்டியதில் கால் பங்கு. ஆறு மாதத்துக்கு முன் வந்த மண் பரிசோதனை அட்டையில் அதே செம்பு இருக்க வேண்டியதைப் போல எட்டு மடங்கு என்றிருந்தது. இரண்டும் ஒரே வயல் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

ஆய்வகத் தலைவரைக் கூப்பிட்டேன். அவரை நாங்கள் டாக்டர் என்போம்.

"செம்புக்கு மயில்துத்தம் கொஞ்சம் சாக்குல கட்டித் தண்ணி பாயற எடத்துல போட்டாச் சரியாயிடும் டாக்டர். பாசிக்கு இங்க எல்லாரும் செய்யறதுதான்."

"எனக்கும் தெரியும் ரித்திகா. ஆனா அது சோதனை வயல். ஒரு சிட்டிகை உப்பு போடறதா இருந்தாலும் குழு கையெழுத்துப் போடணும். குழு இருபத்தெட்டாம் தேதி கூடுது. அதுவரைக்கும் யாரையும் குனிய வேண்டாம்னு சொல்லு."

நான் பள்ளிக்கூடத்திலிருந்தே நல்ல பிள்ளை. சிவப்புக் கயிறு கட்டினேன், குனிய வேண்டாம் என்று பலகை வைத்தேன், காத்திருந்தேன். இன்று நினைத்தால் என்னையே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது. ஏனென்றால் அந்த வரப்பில் நடக்காதே என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஊரில் ஒரு பாதிக்குச் சுடுகாட்டுப் பாதை அதுதான். ரோடு போடச் சொல்லி முப்பது வருஷமாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்பதாம் தேதி அன்பழகன் இறந்துபோனார். எழுபத்தெட்டு வயது. அவர் பேசினால் டீக்கடையில் பாய்லர் கூடச் சிரிக்கும் என்பார்கள். அவர் மகன் வினோத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஊர் வயல்களுக்குத் தண்ணீர் திறந்து அடைக்கிற வேலை அவருக்கு. அதிகம் பேசமாட்டார், அப்பாவே எல்லாவற்றையும் பேசிவிட்டதாலோ என்னவோ.

பத்தரை மணிக்குப் பாடை வரப்பில் ஏறியது. முன்னால் கொள்ளிச்சட்டியோடு வினோத். நான் கொட்டகை வாசலில் எழுந்து நின்றேன். சரியாக இயலின் வயல் நடுவே வரும்போது, மாலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் உற்சாகமாகப் பேசியது.

"வணக்கம் அன்பழகன்! இன்று நீங்கள் ஓர் அடிகூட நடக்கவில்லை. எழுந்திருங்கள், சற்று நடக்கலாம்!"

பெரியவர் மணிக்கட்டிலிருந்த ஆரோக்கியப் பட்டையைக் கழற்ற யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஒரு நொடி தப்புச் சத்தம் நின்றது. பிறகு பாடையைத் தூக்கிய நாலு பேரும் குலுங்கினார்கள். பாடை குலுங்கியது. தப்பு அடித்தவர் ஒரு காலை வயலில் விட்டார். வினோத், கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்து சிரித்தார். பட்டை விடுவதாக இல்லை. "அருமை! இப்போது நகர்கிறீர்கள்!" என்றது.

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. சிவப்புக் கயிற்றையும் பலகையையும் பார்த்தது. விஷயம் முடிந்தது: மேடம் பூச்சி ஒரு சாவையும் விட்டுவைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வினோத் வந்தார். மொட்டையடித்திருந்தார். கொட்டகைக்குள் வராமல் வெளியிலேயே நின்றார்.

"ஒரு சந்தேகம் மேடம்."

"உள்ள வாங்கண்ணே."

"இருக்கட்டும். எங்கப்பாவைத் தூக்கிட்டுப் போறப்ப நான் சிரிச்சேன். கொள்ளிச்சட்டியோட. எங்கம்மா அதுலேருந்து எங்கூடப் பேசல." கொஞ்ச நேரம் வாய்க்காலைப் பார்த்தார். "அது உங்க காத்தா, நானா?"

"காத்துதான்ணே. சந்தேகமே வேணாம்."

"சும்மா சொல்லாதீங்க. வெள்ளைக் கம்பம் ஒண்ணு நட்டிருக்கீங்களே, மோந்து பாத்துக் கணக்கு எழுதும்னு. அதுல அன்னிக்குக் கணக்கு இருக்கும்ல?"

ஊரில் அதற்கு 'மூக்கு' என்று பெயர். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாயுவையும் காற்றையும் அளந்து ஆய்வகத்துக்கு அனுப்பும். எனக்கு மாசக் கடைசியில்தான் பட்டியல் வரும்.

"வந்ததும் காட்டறேன்."

"காட்டுங்க. நான் இனிமே சிரிக்கறதாவே இல்ல. ஆனாலும் அது தெரியணும்." போகத் திரும்பியவர் நின்றார். "செம்பு இல்லாததுதான் கோளாறுன்னாங்களே, நெசமா?"

"நெசம். மயில்துத்தம் கட்டினாச் சரியாயிடும். இருபத்தெட்டாம் தேதி முடிவு பண்ணுவாங்க."

"இருபத்தெட்டா?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த அமளிக்கு நடுவேதான் பத்தொன்பதாம் தேதி திவ்யா வருவதாகத் தகவல் வந்தது. திவ்யா என்றால் சின்னப் பெண் இல்லை. ஐம்பத்தெட்டு வயது. ரயில்வேயில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எவரையும் முதலில் டிக்கெட் இல்லாதவராகவே பார்ப்பார். அவர் மகன் அகரனும் இயலும் இரண்டு வருஷமாக ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். இயல் வயலை விட்டு எங்கும் வரமாட்டேன் என்றாள். அகரன், சரி, நானே வந்துவிடுகிறேன் என்றான். பெற்றவளுக்குப் பற்றிக்கொண்டது.

"எம்புள்ளையக் குடுக்கப் போற எடம் எப்படின்னு நான் பாக்க வேணாமா?" என்று போனில் கேட்டாராம். "பொண்ணைப் பாத்தாச்சு. நான் வயலைப் பாக்கணும். பாத்துட்டுத்தான் பதில்."

"அக்கா, என் கல்யாணம் உங்க பூச்சி கையில இருக்கு" என்றாள் இயல். விளையாட்டாகச் சொல்லவில்லை. "அந்தம்மா வேணாம்னா அகரன் மீறி வரமாட்டான். வந்தாலும் நான் ஏத்துக்க மாட்டேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒருத்தர் இருக்கறப்ப எனக்குச் சோறு எறங்காது."

"எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிடுவோம்."

"சிரிப்பு வாயு வர்ற வயலுக்கா மாப்பிள்ளை குடுப்பாங்க? வரப்புலயே நிக்க வச்சு அனுப்பிடலாம். முழங்காலுக்குக் கீழதானே?"

நானும் ஒத்துக்கொண்டேன். செய்த தப்புகளில் இது இரண்டாவது.

பத்தொன்பதாம் தேதி இலை அசையவில்லை. சுரேஷ்பாபு இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றார். பயிர் சந்தேகப்படும்படியான கரும்பச்சையில் இருந்தது. திவ்யா காரிலிருந்து இறங்கி, வயலின் நான்கு மூலையையும் பார்த்து, அகரனைப் பார்த்து, "ம்" என்றார். பிறகு யாரும் எதிர்பாராத காரியம் செய்தார். புடவையைச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார்.

"அம்மா, வேணாம்மா!" என்றோம் நானும் இயலும் ஒரே குரலில்.

"மேல நின்னு பாக்க இது என்ன ஃபிளாட்பாரமா?" என்றவர், இரண்டடி வைத்தார். இடது கால் வந்தது, செருப்பு வரவில்லை. அதை எடுக்கக் குனிந்தார்.

நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பயத்தில் சுரேஷ்பாபுவின் தொண்டையிலிருந்து 'ஹிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பாக இருக்கலாம். அதைக் கேட்டு இயல் வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளிருந்து வெடித்தது. அவளைப் பார்த்து அகரன். சேற்றில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த திவ்யா தலையைத் தூக்கி, "இப்ப எதுக்கு..." என்று கோபமாக ஆரம்பித்து, முடிக்க முடியாமல், ஒரு காலில் நின்றபடி தடுமாறி, அப்படியே வரப்பில் உட்கார்ந்து, பளீரென்று சிரித்தார். முப்பது வருஷம் ரயிலில் சிரிக்காததை எல்லாம் சேர்த்துச் சிரித்தது போலிருந்தது.

வந்துவிட்டது வாயு என்று முடிவு செய்தோம். அந்த முடிவோடு ஒரு விடுதலையும் வந்தது. இனி என்ன செய்தாலும் நாம் பொறுப்பில்லை.

"மேடம்!" என்று சுரேஷ்பாபு என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "மண்ணு எடுத்துக் குடுங்கன்னு கேட்டீங்கள்ல... நான் வயல்லேருந்து எடுக்கலை! எங்க பழைய வெத்தலக் கொடிக்கால்லேருந்து எடுத்தேன்! நல்லா கருகருன்னு, பொலபொலன்னு இருந்துச்சு... நம்ம மண்ணைப் பாக்க வர்றாங்க, கொஞ்சம் லட்சணமாக் காட்டுவோமேன்னு..."

கொடிக்கால்! அழுகல் நோய்க்காக நாற்பது வருஷம் மயில்துத்தக் கலவை அடித்த மண். செம்புச் சுரங்கம். மூன்று வருஷ ஆராய்ச்சியை ஒரு மனிதர் பெண் பார்க்கும் சடங்காக நினைத்துப் பவுடர் பூசி அனுப்பியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"இன்னும் இருக்கு" என்றார் அவர். "சம்பந்தி அம்மா பாக்கறப்ப பச்சையா இருக்கணும்னு நாலு நாளைக்கு முன்னாடி விடியக்காலம் யூரியா ஒண்ணரை மூட்டை வீசிட்டேன்! இயலுக்குத் தெரியாது!"

"அப்பா!" என்று இயல் கத்தினாள். அதற்கும் எல்லாரும் சிரித்தோம்.

திவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையில் ஒரு பிடி சேறு இருந்தது. அதை முகர்ந்தார்.

"எங்கப்பா எங்க நிலத்தை வித்தன்னிக்கு நான் ஒரு பிடி மண்ணு எடுத்து டப்பால போட்டேன்" என்றார். "இருபத்தாறு வருஷம். எங்க போனாலும் கூடவே. எவனும் தூக்கிப் போட்டுடக் கூடாதுன்னு ஃபிரிட்ஜுல வச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரர் ஒருநாள் அதைக் காப்பித்தூள்னு நெனச்சு... டிக்காஷன் போட்டு... குடிச்சிட்டு... 'இன்னிக்குக் காப்பி பிரமாதம் திவ்யா'ன்னாரு!"

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தாரா அழுதாரா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இயல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திவ்யா சேற்றுக் கையாலேயே அவள் கன்னத்தைப் பிடித்தார்.

"எடுத்துக்கோ. இவனை எடுத்துக்கோ. திருப்பித் தராதே" என்றார்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் நீடித்தது. தஞ்சாவூரில் திவ்யா காதில் யாரோ சிரிப்பு வாயுக் கதையைப் போட்டுவிட்டார்கள். போன் வந்தது. எடுத்தது நான்.

"ஏம்மா, நீ படிச்ச பொண்ணுதானே? ஒரு வார்த்தை முன்னாடி சொன்னியா?"

"தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க."

"அன்னிக்கு நான் பேசினது எதுவும் நான் பேசல. உங்க காத்து பேசுச்சு. மயக்கத்துல கையெழுத்து வாங்கற மாதிரி இருக்கு இது. கல்யாணப் பேச்சை விட்டுடுங்க."

அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் வேதனை. சுரேஷ்பாபுவும் கொடிக்கால் விஷயத்தை வாயுவின் தலையில் கட்டிவிட்டார்: "நானாவது அப்படிச் செய்யறதாவது!" இயல் மூன்று நாள் மண்வெட்டியும் கையுமாக, வெட்டத் தேவையில்லாத வரப்பையெல்லாம் வெட்டினாள். அவளைப் பார்க்கப் பார்க்க என் பூச்சியை ஒவ்வொன்றாக நசுக்கலாமா என்றிருந்தது.

இருபத்தெட்டாம் தேதி குழு கூடி, தீர விவாதித்து, மயில்துத்தத்தைச் சாக்கில் கட்டிப் போடலாம் என்று ஏகமனதாக முடிவெடுத்தது. கையெழுத்தான தாள் வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். முப்பதாம் தேதி மூக்கின் பட்டியல் வந்தது.

முதலில் பத்தொன்பதாம் தேதியைத்தான் பார்த்தேன். காலை பத்து மணி: பூஜ்யம். பத்து பத்து: பூஜ்யம். பத்து இருபது, பத்து முப்பது, பதினொன்று... பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

மூக்கு கெட்டுவிட்டதென்று நினைத்தேன். மேலே போய் மூன்றாம் தேதியைப் பார்த்தேன். காலை ஒன்பது: எழுநூற்று நாற்பது. கெடவில்லை. அநேகமாகத் தினமும் நானூறுக்கும் ஐந்நூறுக்கும் ஏறி இறங்கிய எண், பன்னிரண்டாம் தேதி சாயங்காலத்திலிருந்து சரிந்து, பதினாலாம் தேதியோடு சுத்தமாகப் படுத்துவிட்டது. ஒன்றரை மூட்டை யூரியா வீசிய பிறகும் எழுந்திருக்கவில்லை. நாலாவது படி ஏறிவிட்டது. யாரோ செம்பு கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் பத்தொன்பதாம் தேதி சிரித்தது நாங்கள்.

கொட்டகையில் தனியாக உட்கார்ந்து மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். பட்டியலை அச்செடுத்துக்கொண்டு அன்றைக்கே தஞ்சாவூர் பஸ் ஏறினேன். இயலிடம் சொல்லவில்லை.

திவ்யா காகிதத்தை வாங்கி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மெஷின் தப்பாக் காட்டியிருக்கும்."

"மூணாம் தேதியப் பாருங்கம்மா. நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு."

"பூஜ்யமா?"

"பூஜ்யம்."

"அப்ப அந்த டிக்காஷன் கதை..."

"நீங்களாச் சொன்னதுதாம்மா."

திவ்யாவின் முகம் சிவந்தது. மூக்கை உறிஞ்சினார். பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பத்து மணி வரியில், டிக்கெட்டில் போடுவது போல ஒரு டிக் அடித்து என்னிடமே நீட்டினார்.

"செல்லும்" என்றார். "இயல்கிட்ட சொல்லு. அப்புறம், என் செருப்பு இன்னும் அங்கதான் இருக்கு. தேடி எடுத்து வைக்கச் சொல்லு."

திரும்பும் பஸ்ஸில் தரையில் கால் படவில்லை எனக்கு. இயலிடம் போனில் சொன்னபோது அவள் போட்ட கூச்சலில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அப்புறம்தான் இன்னொரு தேதி ஞாபகம் வந்தது. காகிதத்தைப் பிரித்தேன்.

ஒன்பதாம் தேதி, காலை பத்து முப்பது. காற்று: மேற்கிலிருந்து, மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். வாயு: பூஜ்யம். எவ்வளவு ஊறினாலும் அந்தக் காற்றில் தங்கியிருக்க முடியாது.

மூன்று முறை பார்த்தேன். பஸ் போய்க்கொண்டே இருந்தது. திவ்யாவுக்கு எது வரமோ அதுவே வினோத்துக்குச் சாபம். உண்மைக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரிவதில்லை.

மறுநாள் வினோத்தை வாய்க்கால் கரையில், இயலின் வயலுக்குத் தண்ணீர் பாய்கிற மடையருகே பிடித்தேன். வெட்டி ஒதுக்கிய மண்ணுக்கு நடுவே குனிந்திருந்தார். முதல்முறையாக அதைக் கவனித்தேன். மடையில் ஒரு சின்னச் சாக்குப் பை கட்டியிருந்தது. சணல் நாரெல்லாம் நீலமாக ஊறியிருந்தது.

"நீங்களாண்ணே?"

"பன்னெண்டாம் தேதி கட்டினேன். திட்டாதீங்க. பாசிக்குக் கட்டுவோம்ல, அதே அளவுதான்." நிமிர்ந்து கையை உதறினார். "இருபத்தெட்டு வரைக்கும் ஊர்ல யாரும் சாகக் கூடாதுன்னு சொல்ல முடியுமா? இனிமே இந்த வரப்புல ஒருத்தன் சிரிச்சா, அது அவன் சிரிப்புதான்னு அவனுக்குத் தெரியணும். அழுதாலும் அப்படித்தான்."

குழுவும் நானும் டாக்டரும் சேர்ந்து செய்யாததை ஒரு மனிதர் ஒரு சாக்குத் துணியில் முடிந்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார்.

"பட்டியல் வந்துடுச்சா மேடம்?"

"வந்துடுச்சு."

"என்ன சொல்லுது?"

காகிதம் என் பையில் நாலாக மடிந்திருந்தது. நான் அதை எடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஓர் அளவைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. புள்ளிக்கு அப்புறம் மூன்றாவது எண்ணைக்கூட.

"எண்ணூத்திப் பன்னெண்டு" என்றேன்.

"அது ஜாஸ்தியா?"

"ரொம்ப ஜாஸ்தி. அந்த மாசத்துலயே அதுதான் உச்சம். கல்லு கூடச் சிரிச்சிருக்கும். அம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்."

வினோத் என்னைப் பார்த்தார். தண்ணீர் அளக்கிறவர் பார்வை. எங்கே கசிகிறது என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

"அன்னிக்கு மேக்காலக் காத்து மேடம்" என்றார் மெதுவாக. "பாடை மேல போட்ட துண்டு பறந்துச்சு. கொள்ளி அணைஞ்சிடக் கூடாதுன்னு நான் ஒருக்களிச்சு நடந்து வந்தேன். அதான் எனக்குச் சந்தேகமே."

நான் காலடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பரவால்ல" என்றார் அவர். "எண்ணூத்திப் பன்னெண்டே இருக்கட்டும். அம்மாவுக்கு அதைச் சொல்லுங்க."

"உங்களுக்கு?"

வினோத் மண்வெட்டியை எடுத்தார், வைத்தார். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். உதட்டோரம் ஏதோ துடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஓரடி முன்னால் வைத்தேன்.

"எந்திரிச்சு நடங்கன்னுச்சே மேடம்" என்றார், சிரிப்பில் குரல் உடைந்து. "எங்கப்பாவப் பாத்து! அவரு இருந்திருந்தா... அவருதான் மொதல்ல சிரிச்சிருப்பாரு!"

அவ்வளவுதான். இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்துவிட்டோம். வயலுக்குள் செருப்புத் தேடிக்கொண்டிருந்த இயல், எங்களைப் பார்த்துப் பதறிப்போய் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

காற்று நன்றாகவே வீசிக்கொண்டிருந்தது.